பிள்ளைக்குப் பழஞ்சேலை

கொல்கத்தாவின் தென்கோடியில், டயமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய ஜோக்காவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காள மாவட்டங்களில் பணியாற்றிய குருசதய் தத், போன ஊர்களிலெல்லாம் நாட்டுப்புறக் கைவினைப் பொருள்களைத் தேடிச் சேர்த்தவர். படச்சுருள்கள், மண் பொம்மைகள், மரச் சிற்பங்களோடு, பழந்துணிகளை அடுக்கி ஊசியால் தைத்த ‘காந்தா’ விரிப்புகளும் அவர் சேகரிப்பில் ஏராளம். 1941இல் அவர் மறைந்தார். 1963இல் அந்தச் சேகரிப்பு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதிலுள்ள காந்தாக்களில் பெயர்பெற்றது, குல்னா பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி தாசி தன் தகப்பனாருக்காகத் தைத்தது. 19ஆம் நூற்றாண்டு வங்கப் பெண்ணொருத்தி கண்ட உலகம், துரைமாரும் சிப்பாய்களும் உட்பட, அந்த ஒற்றைத் துணியில் இருக்கிறது.

இப்படிப்பட்ட காந்தாக்களை வைத்துத்தான் இந்தக் கலையின் வரலாறு எழுதப்பட்டது. அந்த வரலாற்றில் ஒரு பெரிய விடுபாடு உண்டு. இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் தகப்பனாருக்கும் மருமகனுக்கும் குருவுக்கும் அன்பளிப்பாகத் தைத்தவை. பெட்டியில் மடித்து வைக்கப்பட்டதால் பிழைத்தவை. பிறந்த பிள்ளையைக் கிடத்தவும் சுற்றவும் போர்த்தவும் தைத்த சின்னஞ்சிறு காந்தாக்கள் அப்படிப் பெட்டிக்குப் போனதில்லை. அவை இரவும் பகலும் நனைந்தன, குளத்தில் அலசப்பட்டன, வெயிலில் காய்ந்தன. அடுத்த பிள்ளைக்கும் அதற்கடுத்த பிள்ளைக்கும் வந்தன. இற்றுப்போன பிறகு அடுப்படியில் கரித்துணியாகி மறைந்தன. ஒரு பொருள் முழுவதுமாகப் பயன்பட்டுவிட்டால் காட்சிக்கு வைக்க மிச்சம் ஏது? ஆனால் காந்தா என்ற கலைக்கு வீட்டில் இடம் பிடித்துக் கொடுத்தது அந்தப் பிள்ளைத்துணிதான். ஊசி பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் வாழ்நாளில் ஒருமுறையாவது அதைத் தைத்திருப்பாள். மானதாசுந்தரியின் கைத்திறனுக்குக் கீழே, பெயர் தெரியாத லட்சக்கணக்கான பெண்கள் தைத்த அந்தத் துணிகள் கிடக்கின்றன.

வங்காளத்தில் மகளோ மருமகளோ உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பாட்டியும் அத்தையும் சித்தியும் பழைய சேலைகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். புதுத்துணிக்கு அங்கே இடமில்லை. அதற்கு வெறும் சிக்கனம் மட்டும் காரணமல்ல. கஞ்சியும் மொரமொரப்பும் போன, பல வருடம் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, பிறந்த குழந்தையின் தோலை உறுத்தாது. ஈரத்தையும் சட்டென்று உறிஞ்சும். நாலைந்து அடுக்காகச் சேரும்போது அடுக்குகளுக்கு நடுவே காற்று நின்று கதகதப்புத் தரும். மேல்நாட்டு மெத்தைப் போர்வைகளில் நடுவே பஞ்சு வைப்பார்கள். காந்தாவில் பஞ்சு கிடையாது. துணிக்கு மேல் துணி, அவ்வளவுதான். மாதக்கணக்கில் மழை கொட்டுகிற ஊரில், பஞ்சு வைத்த மெத்தையை நனைத்துவிட்டால் காய வைப்பது பெரும்பாடு. பஞ்சில்லாத துணி சீக்கிரம் உலரும். வங்கத்துப் பாட்டிகள் அந்தத் தட்பவெப்பத்துக்கென்றே கண்டுபிடித்த பொருள் இது.

பழந்துணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கண்ணேறுக்கும் காத்துக்கருப்புக்கும் பயந்த காலத்தில், கந்தல் சுற்றிய பிள்ளையைத் தீயது எதுவும் திரும்பிப் பார்க்காது என்று நம்பினார்கள். பிள்ளைகள் தங்காத வங்காளி வீடுகளில் தீன்கொடி, பாஞ்ச்கொடி என்று பெயர் வைத்தது இந்த நம்பிக்கையால்தான். மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் வாங்கிய மலிவான பிள்ளை என்று சொல்லிச் சாவை ஏமாற்றப் பார்த்தார்கள். நம்மூரில் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்ததும் அதே அச்சத்தில்தானே. தமிழ்நாட்டின் வெக்கைக்கு அடுக்குத் துணி தேவைப்படவில்லை. ஆனாலும் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடாமல், பாட்டியின் நைந்த நூல்சேலையையோ தாத்தாவின் வேட்டியையோ கிழித்துச் சுற்றுகிற வழக்கம் இங்கும் உண்டு. அம்மாவின் சேலையில் தூளி கட்டாத வீடு எது? சேலையை அடுக்கித் தைக்கிற பழக்கம் மட்டும்தான் நம்மிடம் பரவவில்லை.

தைக்கிற முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். சேலைகளையும் வேட்டிகளையும் துவைத்து, கிழிசல் இல்லாத பகுதியைப் பிரித்து எடுப்பார்கள். மெழுகிய முற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் போகக் கையால் நீவி விடுவார்கள். நைந்த துணிகள் உள்ளே போகும். இருப்பதில் நல்லவை மேலும் கீழும் வரும். அடுக்கு நகராமல் இருக்க ஓரங்களில் ஈச்சமுள்ளைக் குத்தி இறுக்குவார்கள். குண்டூசி வாங்க வழியில்லாத வீட்டில் முள்ளே குண்டூசி. ஓரங்களை மடித்துத் தைத்து, பெரிய பெரிய தையலாக உள்ளே நூலோட்டி அடுக்குகளைப் பிணைத்துவிட்டால் பிறகு பயமில்லை. துணியைச் சுருட்டி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். சோறு கொதிக்கிற நேரத்திலும் நாலு வரி தைக்கலாம்.

தையல் ஒரே வகை. ஊசி மேலே ஏறி, கீழே இறங்கி, நேராக ஓடும் ஓட்டுத் தையல். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் நெருக்கமாக, வரிக்கு வரி சற்றே விலக்கித் தைத்துக்கொண்டே போனால் துணி லேசாகச் சுருங்கி, குளத்து நீரில் காற்றடித்தது போன்ற அலையலையான மேடுபள்ளம் முழுப் பரப்பிலும் எழும். காந்தாவை வேறு எந்தத் தையலிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அந்த அலைதான். அதன் மேல் பூ, மீன், படகு, சீப்பு, மாங்காய் என்று அவரவர் கற்பனை. நடுவில் நூறிதழ்த் தாமரையும் நாலு மூலையில் நாலு மரமும் வைப்பது பழைய மரபு. ராஜ்ஷாஹிப் பக்கம் அலை வரிசையே கோலமாகும் ‘லொஹொரி’ காந்தா பெயர்பெற்றது. பாய் முடைந்தது போல் தெரியும் தையலுக்குச் ‘சாட்டாய்’ என்று பெயர். பிள்ளைத்துணியில் இவ்வளவு வேலைப்பாடு இராது. நடுவில் ஒரு பூவும் ஓரத்தில் இரண்டு வரி சிவப்பு நூலும் போதும். அந்த இரண்டு வரிகூட இல்லாமல் விட மனம் வராது.

காந்தா தைக்க உகந்த காலம் மழைக்காலம். வயல் வேலை ஓய்ந்து, வெளியே இறங்க முடியாத பிற்பகல்களில் பெண்கள் திண்ணையில் கூடித் தைத்தார்கள். ஒரு பெரிய காந்தா முடிய மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. பிள்ளைத்துணிக்கு அந்த வசதி கிடையாது. பிரசவத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

வண்ண நூல் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து அல்ல, அதே பழஞ்சேலையிலிருந்து. வங்காளத்துச் சேலை என்றால் வெள்ளை உடலும் சாயக் கரையும். கரையைத் தனியே வெட்டி, நூல் நூலாக உருவி, குச்சியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். ஒற்றை இழை மெலிது என்பதால் இரண்டு மூன்றைச் சேர்த்து ஊசியில் கோப்பார்கள். 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்: சேலைக் கரைகளில் இருந்த நிறங்கள் அவை. எத்தனை துவைத்தாலும் போகாத சாயம் என்பதை அந்தச் சேலையே முன்கூட்டி நிரூபித்திருந்தது. பிள்ளையின் உடம்பில் சாயம் ஒட்டுமோ என்ற கவலையும் இல்லை. மஞ்சளும் பச்சையும் பிற வண்ணங்களும் பின்னாளில், கடை நூல் மலிந்த பிறகு சேர்ந்தன.

ஊசியை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு ஊசி அனுப்பிய ஊர் இங்கிலாந்தின் ரெட்டிச். அங்கே கம்பியை வெட்டி, நீட்டி, காது குத்தி, கூராக்கி, மெருகேற்றி, உறையில் போடும் வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். கூராக்கும் வேலைதான் கொடியது. காய்ந்த சாணைக்கல்லில் தேய்க்கும்போது எழுந்த கல்தூளும் இரும்புத்தூளும் நுரையீரலில் படிந்து, அந்தத் தொழிலாளர்கள் நடுவயதைக் காணாமலே இறந்தனர். தையல் பெட்டியில் கிடக்கும் சின்ன ஊசிக்குப் பின்னால் அப்படியொரு கதை இருக்கிறது. ஊசிகளை மெருகேற்றிய நீராலை ஒன்று இன்றும் அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது.

நூல்கண்டின் கதையும் தனி. நெப்போலியன் போர்களால் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊருக்குப் பட்டு வருவது தடைப்பட்டபோது, அங்கிருந்த கிளார்க் குடும்பத்தார் பட்டுக்கு ஈடாக வழுவழுப்பான பருத்தித் தையல்நூலை உருவாக்கினார்கள். 1812இல் அதற்கென்று ஆலை வைத்தார்கள். நூலை மரக் கட்டையில் சுற்றித் தந்து, கட்டைக்கு அரைப் பென்னி வாங்கினார்கள். வெறுங்கட்டையைத் திருப்பித் தந்தால் அந்தக் காசு திரும்பக் கிடைத்தது. அதே ஊரின் கோட்ஸ் நிறுவனம் 1896இல் கிளார்க்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு உலகின் பெரிய நூல் நிறுவனமானது.

இந்தக் கதையின் அடுத்த பகுதி தமிழர்களுக்குப் பழக்கமானது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் தொடங்கிய ஆலைகள் ‘மதுரா மில்ஸ்’ என்று ஒன்றாயின. பொதிகை மலையடிவாரத்தில் தாமிரபரணியின் நீர்வேகத்தால் பாபநாசம் ஆலை ஓடியது. மதுரையின் ஹார்விப்பட்டி அந்தப் பெயரில் பிறந்த ஊர். 1974இல் மதுரா மில்ஸ் கோட்ஸ் குழுமத்துடன் இணைந்து ‘மதுரா கோட்ஸ்’ ஆனது. ஊர்ப்புறத்து ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் கிடைக்கும் ‘ஆங்கர்’ எம்பிராய்டரி நூல் அந்த நிறுவனத்தின் சரக்கு. எட்டு மீட்டர் நீளம், ஆறு இழை, நூற்றுக்கணக்கான நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தையல் பழகிய பெண்களுக்கு அந்த எண்கள் மனப்பாடம். கண்ணாடி அலமாரியில் நிறம் மங்கியது முதல் அடர்ந்தது வரை அடுக்கிய நூல்களுக்கு முன்னால் நின்று, ‘இந்தப் பச்சையா, அந்தப் பச்சையா’ என்று யோசிக்கிற சுகம், கரைநூல் உருவிய பெண்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் கிடைத்த மூன்று நிறத்தில் அதைவிட அழகாகத் தைத்தார்கள் என்பதும் உண்மை.

காந்தா எவ்வளவு பழையது என்றால், எழுத்தில் அதன் தடம் வைணவத் துறவி சைதன்யரின் காலத்துக் கதைகளில் தெளிவாகக் கிடைக்கிறது. கிருஷ்ணதாச கவிராஜர் எழுதிய ‘சைதன்ய சரிதாம்ருதம்’ சொல்லும் சம்பவம் இது. சுல்தானின் அமைச்சர் பதவியைத் துறந்து வந்த சனாதன கோஸ்வாமி காசியில் சைதன்யரைச் சந்திக்கிறார். அவர் தோளில் விலையுயர்ந்த கம்பளி. சைதன்யர் அந்தக் கம்பளியை அடிக்கடி பார்க்கிறார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சனாதனருக்குப் புரிகிறது. கங்கைக் கரைக்குப் போகிறார். அங்கே வங்காளி ஒருவர் தன் காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருக்கிறார். ‘என் கம்பளியை வைத்துக்கொண்டு உங்கள் காந்தாவைத் தாருங்கள்’ என்று கேட்டால், கேலி செய்வதாக நினைக்கிறார் அந்த மனிதர். ஒருவழியாக மாற்றிக்கொண்டு சனாதனர் திரும்புகிறார். துறவிக்கு உரிய உடை எது என்பதில் வங்காளத்துக்கு அன்றே சந்தேகம் இருக்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் போர்ச்சுகீசிய வணிகர்கள் சத்காவ், ஹூக்ளி துறைமுகங்களிலிருந்து வேறு வகைத் தையல் விரிப்புகளைக் கப்பலேற்றினார்கள். பருத்தித் துணியில் மஞ்சள் டசர் பட்டால் வேட்டைக் காட்சிகளும் கப்பல்களும் விவிலியக் கதைகளும் தைத்தவை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவ்வகை விரிப்புகளைப் பார்க்கலாம். அவை பணத்துக்காகத் தைத்தவை. வீட்டுக் காந்தாவுக்குச் சந்தை இருந்ததில்லை. யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. அதனால் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவான ஆலைப் போர்வைகள் வந்தபோது காந்தா தளர்ந்தது. அப்போது அதைத் தூக்கிப் பிடித்தவர்களில் ஒரு கவிஞரும் உண்டு. ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்ற கதைக் காவியத்தில், ரூபாய் என்ற பெயருடைய, பிரிந்துபோன கணவனுக்காகக் காத்திருக்கும் சாஜு தன் வாழ்க்கையைக் காந்தாவில் தைக்கிறாள். அந்தக் காந்தா அவள் கல்லறையின்மேல் விரிக்கப்படுகிறது. பூவேலைக் காந்தாவுக்கு ‘நக்ஷி காந்தா’ என்ற பெயர் பரவலாக ஒட்டிக்கொண்டது இந்தக் காவியத்துக்குப் பிறகுதான். வியன்னாவில் கலை வரலாறு படித்து, தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதன் வந்து, பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு கந்தல் துணியைப் பற்றி எழுதிய முதல் அறிஞர்களில் அவர் ஒருவர். அவர் சேர்த்த காந்தாக்கள் இப்போது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பிள்ளைத்துணிக்கு உரிய மரியாதையைக் கொடுத்த இடம் பீகார். அங்கே முசாபர்பூர் மாவட்டத்தின் பூசுரா கிராமத்தைச் சுற்றிய ஊர்களில் காந்தாவின் உடன்பிறப்பான ‘சுஜனி’ தைக்கிறார்கள். சுஜனியே முதன்மையாகப் பிறந்த குழந்தைக்கான துணி. வெவ்வேறு வீட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதை அவர்கள் வழிபாடாகவே கண்டார்கள். கந்தல்களுக்கு உரிய தெய்வமாகச் சித்திரியா மா என்ற அம்மனைச் சொல்வார்கள். துண்டு துண்டாய்க் கிடப்பவை எல்லாம் ஒன்றாய்ச் சேரும் என்பது அவள் தரும் உறுதி. பழைய துணிகளில் சுற்றிய குழந்தை, தாயின் அணைப்பில் கிடப்பதற்குச் சமம். கந்தலுக்கென்று ஓர் அம்மன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! கையில் வேறு எதுவும் இல்லாதவர்களும் தம் பிள்ளைக்குக் குறையில்லாத வரவேற்பைத் தரலாம் என்று அந்த நம்பிக்கை அவர்களுக்குச் சொன்னது.

1980களில் அந்தத் தையல் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. 1988இல் விஜி ஸ்ரீனிவாசன் தொடங்கிய ‘அதிதி’ அமைப்பின் துணையோடு பூசுராவில் பெண்கள் சங்கம் அமைந்து, சுஜனி மீண்டும் தளிர்த்தது. அதை முன்னின்று நடத்திய நிர்மலா தேவிக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புதிய சுஜனியில் பூவும் மயிலும் மட்டும் இல்லை. வரதட்சணை, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், பெண் சிசுக்கொலை, எய்ட்ஸ், தேர்தல் என்று தங்கள் வாழ்க்கையையே அந்தப் பெண்கள் தைத்தார்கள். உருவங்களின் வெளிக்கோட்டைக் கறுப்பு அல்லது அரக்கு நூலால் சங்கிலித் தையலில் போட்டு, உள்ளே வண்ண ஓட்டுத் தையலால் நிரப்புவது அவர்கள் பாணி. வாசலைத் தாண்டிப் பேச விடாத ஊரில் அவர்கள் துணியில் பேசினார்கள்.

குழந்தைத் துணி அரசியல் பேசியதற்கு வெகுதூரத்தில் முன்னோடி ஒன்று உண்டு. 1836 டிசம்பரில் அமெரிக்காவின் போஸ்டனில், அடிமை முறையை எதிர்த்த பெண்கள் சங்கம் நிதி திரட்டக் கைவினைச் சந்தை நடத்தியது. அங்கே எழுத்தாளர் லிடியா மரியா சைல்ட் ஒரு தொட்டில் போர்வையைக் கொடுத்தார். சின்னச் சின்னத் துணிகளை ஒட்டித் தைத்த நட்சத்திரங்கள். நடு நட்சத்திரத்தில் மையால் எழுதிய சில வரிகள். உன் குழந்தையை அணைக்கும் நேரத்தில், குழந்தை பறிக்கப்பட்டு விற்கப்படும் அடிமைத் தாயை நினைத்துப் பார் என்பது அந்த வரிகளின் சாரம். ஐந்து டாலருக்கு விற்ற அந்தப் போர்வை இன்றும் நியூ இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகிறது. தினமும் இரவில் கண்ணில் படுகிற இடத்தில் அந்த வரிகளை வைத்தார் சைல்ட். மேடைப் பேச்சு எதுவும் ஒரு தாயை அவ்வளவு நெருக்கத்தில் தொட்டிருக்காது.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் நமக்கு அண்டை மாநிலத்திலேயே பிள்ளைத்துணி தைக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு முதல் போர்ச்சுகீசியர்கள் கோவாவுக்கு இழுத்துவந்த ஆப்பிரிக்கர்களில் தப்பியவர்களும் விடுபட்டவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினார்கள். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்திகள் அவர்கள் வழியினர். சித்திப் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’யில் ஒரு பழஞ்சேலை அடித்துணியாக விரியும். அதன் மேல் வண்ணத் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். தொட்டில் பிள்ளைக்கான கவந்தியில் துண்டுகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் பளிச்சென்ற நிறத்திலும் இருக்கும். கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையும் இஸ்லாமியப் பெண்கள் பிறையும் வைப்பதுண்டு. மதம் எதுவானாலும் ஒரு விதி பொது: நாலு மூலையிலும் மடித்து வைத்துத் தைத்த ‘ஃபூலா’ என்ற துணிப்பூ இருக்க வேண்டும். ஃபூலா இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாகத் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதற்கு முன்பு ஹுப்ளியிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவில் இருந்த கலையை நாம் யாரும் கலை என்று சொல்லவில்லை.

வங்காளத்தில் காந்தாவின் மறுபிறப்பு இரு கட்டமாக நடந்தது. சாந்திநிகேதனில் தாகூரின் மருமகள் பிரதிமா தேவியும் அவரைச் சார்ந்தவர்களும் காந்தாத் தையலைக் கைவினைப் பாடமாக்கினார்கள். 1971 போருக்குப் பிறகு வங்கதேசத்தில், வீட்டையும் கணவனையும் இழந்த பெண்களுக்குப் பிழைப்புத் தரும் தொழிலாகக் காந்தா மாறியது. ‘பிராக்’ அமைப்பு 1978இல் தொடங்கிய ‘ஆரங்’ கடைகளின் வழியாக ஜெஸ்ஸூர், ஜமால்பூர் பெண்களின் தையல் நகரத்துக்கு வந்தது. மேற்கு வங்கத்து நக்ஷி காந்தாவுக்கும் பீகாரின் சுஜனிக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2023இல் சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்குக் காந்தாவுக்காகப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இவ்வளவும் நல்லதே. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் காந்தா பெரும்பாலும் புதுத்துணி, கடை நூல். கோலத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த சாயப்பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்குகிறார்கள். கோலம் ஒருவருடையது, தையல் இன்னொருவருடையது. சேலை, துப்பட்டா, படுக்கை விரிப்பு என்று பெரிய துணிகளுக்கே விலை. பிள்ளைத்துணி இந்தச் சந்தைக்குள் வர முடியாது. அதன் மதிப்பே யார் உடுத்திய சேலை, யார் தைத்த தையல் என்பதில் இருக்கிறது. அத்தகைய பொருளுக்கு யார் விலை போடுவது? ஆனால் விற்பனைக் காந்தாவுக்கு விலை போடலாம், சரியாகப் போட வேண்டும். ஒரு சேலைக்கு மாதக்கணக்கில் குனிந்து தைத்த பெண்ணின் கண்ணுக்கும் முதுகுக்கும் உரிய கூலி அந்த விலைச் சீட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது, வாங்குகிறவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை. எந்திரத்தில் அச்சடித்த தையல்கோடுகளைக் ‘காந்தா’ என்று விற்கிற துணிகளும் கடைத்தெருவில் உண்டு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைத்தையலில் பின்பக்கத்திலும் ஊசி நடந்த தடம் இருக்கும், ஒரு புள்ளி நீண்டும் ஒரு புள்ளி குறுகியும்.

உங்கள் வீட்டில் குழந்தை பிறக்கவிருக்கிறதா? பீரோவில் பாட்டியோ அம்மாவோ உடுத்தி நைந்த நூல்சேலை இருந்தால் அதைப் பாத்திரக்காரனுக்குப் போடாதீர்கள். நன்றாகத் துவைத்துக் காய வைத்து, ஒரு கெஜத்துக்கு ஒரு கெஜமாக நாலு துண்டு வெட்டுங்கள். தரையில் விரித்து, சுருக்கம் நீவி, ஓரங்களில் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். ஓரம் மடித்துத் தைத்த பின் ஒரு ஆங்கர் நூலை எடுத்து மூன்று இழையாகப் பிரித்து, விரலிடை விட்டு வரிவரியாக ஓட்டுங்கள். முடித்ததும் ஒரு குண்டூசிகூடத் துணியில் தங்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். மணி, பாசி, பொத்தான் எதுவும் வைக்க வேண்டாம். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். தூங்கும் கைக்குழந்தையின் முகத்தருகே தளர்வான போர்வை கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே விழித்திருக்கும் குழந்தையைத் தரையில் கிடத்தவும் மடியில் ஏந்தவும் இதைப் பயன்படுத்துங்கள். பாலியஸ்டர் கலந்த சேலையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். எத்தனை வருடம் உடுத்தியிருந்தாலும் அது ஈரத்தை உறிஞ்சாது.